ஆலையடிக் கற்களை என்ன செய்வது?

சிறுபோக வெட்டு முடிந்த கையோடு எங்கள் வட்டைக்கு, அதாவது எங்கள் வயல்வெளிக்கு, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வரப்போகிறது. வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போடக் காசு வந்திருக்கிறது. பெரும்போகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் வேலை முடிய வேண்டும். இதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோசம்தான். ஆனால் புது வாய்க்காலுக்குக் கீறிய நேர்கோடு, இடிந்து கிடக்கும் கருங்கல் கட்டிடம் ஒன்றின் நடுவால் போகிறது. ஊரில் பாதிப் பேர் அதைத் 'தண்ணி ஆலை' என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தண்ணீரால் சக்கரம் சுற்றி நெல் குத்தினார்களாம்.

கமக்காரர் கூட்டத்தில் இதைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தோம், முடிவு வரவில்லை. கல்லைக் கிளப்பி எறியச் சொன்னவர்களும் உண்டு, திரும்பக் கட்டி வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுவோம் என்றவர்களும் உண்டு. கடைசியில், வட்டையின் தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானையார் என்னைப் பார்த்து, "நீதானே மனே செயலாளர், நாலு பக்கமும் பார்த்து எழுதிக்கொண்டு வா, அடுத்த கூட்டத்தில் வாசிப்போம்" என்றார். அப்படி எழுதியதுதான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில் என்ன கிடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் கத்தியவர்களில் பலர் அந்தப் பக்கம் போய்ப் பத்து வருசம் இருக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வட்டை. தட்டை நிலம். தூரத்தில் ஆங்காங்கே கருங்கல் மலைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாய்க்கால் ஓரத்தில், பற்றைக்குள், நிலத்துக்குள் இறங்கிய ஒரு கிடங்கு இருக்கிறது. உள்ளளவு நீளம் 7 அடி, அகலம் ஆறரை அடி. நாலு பக்கமும் செதுக்கிய கருங்கற் பலகைகள். உள்ளே மண் நிரம்பியிருப்பதால் மேல் நாலு அடிதான் கண்ணுக்குத் தெரிகிறது. கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் மண்மட்டத்தோடு ஒட்டி, ஒரு துவாரத்தின் நெற்றிக்கல் தெரிகிறது. துவாரத்தின் மிச்சம் மண்ணுக்குள். கிடங்கை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கற் சுவர் நிற்கிறது. அதில் சுண்ணாம்புப் பூச்சும், ஓரிடத்தில் சீமெந்து ஒட்டும் உண்டு. பத்து அடி தள்ளி ஒரு வட்டக்கல் கிடக்கிறது: குறுக்களவு இரண்டரை அடி, தடிப்பு 5 அங்குலம், நடுவில் துளை, கால்வாசி உடைந்து போய்விட்டது.

தண்ணி ஆலைக்காரருக்கு இந்த வட்டக்கல்தான் பெரிய சாட்சி. துருசுக்காரர் அந்தக் கிடங்கைக் காட்டி, பழைய குளம் ஒன்றின் துருசு, அதாவது குளத்துத் தண்ணீரை வயலுக்கு அளந்து விடும் மதகு, என்பார்கள். மூன்றாவது கட்சிக்கு அது ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர் ஒருவரின், செக்கு. நாலாவது கதையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அந்த வட்டக்கல் ஒரு பௌத்த தூபியின் உச்சியில் வைக்கும் குடைக்கல்லாக இருக்குமோ என்று அடிக்குரலில் கேட்டுவிட்டு, கேட்டவரே வாயை மூடிக்கொள்வார். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். எங்கள் காணி உறுதிகளில் 'ஆலையடி வாய்க்கால்' என்று எல்லை எழுதியிருக்கிறது. ஆலை என்று உறுதியிலேயே இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்பது ஆலைக்கட்சியின் வாதம். ஆனால் எண்பது வயதைத் தாண்டிய எங்கள் பெரியம்மா இன்றைக்கும் 'ஆலடி' என்றுதான் சொல்கிறார். கிடங்குக்குப் பக்கத்தில் பெரிய ஆலமரம் நின்றதாம், 1978 நவம்பர் சூறாவளியில் விழுந்ததாம். ஆலடியை நொத்தாரிசு ஆலையடி என்று எழுத, எழுத்தைப் பார்த்து ஊர் ஆலையைத் தேடத் தொடங்கியிருக்கலாம். தண்ணி ஆலை என்ற கதை பெரியம்மாவின் சின்ன வயதில் இருந்ததா என்று கேட்டேன். "அப்ப ஒருத்தரும் ஆலை எண்டு சொல்லக் கேக்கல்ல, பேய்க்கிடங்கு எண்டுதான் சொல்லுவாங்க" என்றார். பெயர் ஆலைக்குச் சாட்சி சொல்லவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். தண்ணீரால் சக்கரம் சுற்ற இரண்டு விடயம் வேண்டும்: செக்கனுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. எங்கள் வாய்க்காலில் நல்ல ஓட்டம் உள்ள நாளில் செக்கனுக்கு 300 லீற்றர் என்று வைப்போம். கிடங்குக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் மட்டத்துக்கு வித்தியாசம் மிஞ்சிப் போனால் 2 அடி. இந்தக் கணக்கில் தண்ணீரின் முழுப் பலமே 1.8 கிலோவாற்றுக்கு மேல் போகாது. சக்கரத்தின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் தள்ளிச் சுற்றும் வகைச் சக்கரம் அதில் நாலில் ஒரு பங்கைப் பிடித்தால் நல்லது. மிஞ்சுவது அரைக் குதிரைவலுவுக்குச் சற்று மேல். ஒரு சோடி மாடு செய்கிற வேலை. பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த போடியார்மார் ஒரு சோடி மாட்டின் வேலைக்காகக் கருங்கல் அறுத்துக் கட்டிடம் கட்டினார்கள் என்றால் நம்பக் கஷ்டம். அதிலும் தண்ணீர் இருக்கிற காலத்தில் வயலுக்கு வேண்டும். வயலுக்கு வேண்டாத காலத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்.

ஆலைக்கட்சிக்கு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய தண்ணீரை வைத்து அன்றைய தண்ணீரை அளக்க முடியாது. 1949 இல் இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டத் தொடங்கிய பிறகு தெற்கே பல ஓடைகள் பழைய போக்கில் இல்லை. 1957 வெள்ளம் வாய்க்கால்களைத் தூர்த்தது. கிடங்கின் இரு பக்கமும் காட்டுக்குள் நீளமாக ஒரு மண்மேடு போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பழைய குளக்கட்டாக இருந்து, கட்டுக்கு அடியில் 12 அடி உயரத்துத் தண்ணீர் நின்றிருந்தால் கணக்கே வேறு. அதே 300 லீற்றருக்கு 11 கிலோவாற் வரும். மேலிருந்து தண்ணீர் விழும் சக்கரம் அதில் பாதிக்கு மேல் பிடிக்கும், எட்டொன்பது குதிரைவலு. அதை வைத்து ஆலை ஓட்டலாம். ஆனால் அங்கே குளக்கட்டு இருந்தது என்று ஒத்துக்கொண்டால், கிடங்கு துருசு என்பவர்களின் வாதம் இன்னும் பலக்கிறது. குளக்கட்டின் நடுவில் கல் கட்டிய கிடங்குக்கு முதல் வேலை என்னவாக இருக்கும்?

கிடங்கின் வடிவமும் அதைத்தான் சொல்கிறது. நீர்ச்சக்கரம் ஒடுக்கமும் உயரமுமான பொருள். அது இறங்கி நிற்கும் குழியும் நீண்டு ஒடுங்கித்தான் இருக்கும். இரு பக்கச் சுவரிலும் அச்சு உட்காரக் குடைந்த இடம் வேண்டும். பக்கத்தில் அரைகல் நிற்க ஒரு வீடு வேண்டும். சக்கரம் உரசி உரசிச் சுவரில் வில் மாதிரித் தேய்மானமும் விழும். எங்கள் கிடங்கோ ஏறக்குறைய சதுரம், அச்சுக்கு இடம் தெரியவில்லை. இலங்கையின் பழைய பெருங்குளங்களில் 'பிசோகொட்டுவ' என்று சிங்களத்தில் சொல்லும் சதுரக் கிடங்கு இருக்கும். குளத்தின் பக்கமிருந்து ஒரு கல்மதகு உள்ளே வரும், எதிர்ப்பக்கத்தால் இன்னொன்று வயலுக்குப் போகும். நடுவில் உள்ள கிடங்கில்தான் தண்ணீரை அடக்கி அளந்து விடுவார்கள். வெளியே பெருங்குளத்தின் அமுக்கம் இருக்க, உள்ளே அதைக் கட்டுப்படுத்தும் உபாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வேலை செய்த ஆங்கிலப் பொறியியலாளர்களே இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். நெற்றிக்கற்கள் இரண்டும் எதிரெதிரே, கிழக்கு மேற்காக இருக்கின்றன; மண்மேடு வடக்குத் தெற்காகப் போகிறது. என் கணக்கில் இது துருசுக்குப் பொருந்துகிற அளவுக்கு ஆலைக்குப் பொருந்தவில்லை.

ஆலைக்கட்சிக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. தண்ணீர் ஆலை அதிகம் பரவிய நாடுகள் பெரும்பாலும் கோதுமை தின்னும் நாடுகள். கோதுமையை மாவாக்காமல் தின்ன முடியாது, அதனால் அரைகல்லும் சக்கரமும் அவர்களுக்கு வீட்டுப் பாத்திரம் மாதிரி. எங்களுக்குச் சோறு வேண்டும். நெல்லில் உமி போக வேண்டும், அரிசி முழுசாக நிற்க வேண்டும். அதற்கு உரலும் உலக்கையும் இருந்தன. மா இடிக்கவும் உரல்தான், பயறு உடைக்கத் திரிகை. இலங்கையில் நீர்ச்சக்கரம் நிறையச் சுற்றியது மலையகத்தில், கோப்பித் தோட்டக் காலத்தில், கோப்பிப் பழத்தின் தோல் உரிக்க. அங்கே அருவி இருந்தது. இங்கே அருவிக்கு எங்கே போவது?

சரி, வட்டக்கல். போன ஞாயிறு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அலவாங்கு போட்டு அதைப் புரட்டினோம். அரைகல் என்றால் ஒரு முகத்தில் நடுத்துளையிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல்கள் வெட்டியிருக்க வேண்டும். மேற்கல்லாக இருந்தால் துளையின் பக்கத்தில் இரும்பு பதிக்கக் குடைவும் இருக்க வேண்டும். சோடிக் கல்லும் எங்காவது கிடக்க வேண்டும். செக்கு என்றால் குழிந்த வயிறு வேண்டும். குடைக்கல் என்றால் மெல்லிசாக, ஒரு பக்கம் வளைந்து, ஒப்பமாக இருக்கும் என்று தொல்பொருள் படித்த ஒருவர் படம் காட்டினார். எங்கள் கல்லின் மேல்முகம் வழவழவென்று நடுவில் சற்றுக் குழிந்திருக்கிறது. உடனே செக்குக்கட்சிக்கு முகம் மலர்ந்தது. அப்போதுதான் வாடியில் படுத்திருந்த சின்னத்தம்பி மாமா எழும்பி வந்து, "அது நாங்க கத்தி தீட்டின கல்லுடா" என்றார். அவருடைய தகப்பனும் அதில்தான் தீட்டினாராம். மூன்று தலைமுறை கத்தியும் கோடாலியும் தீட்டித் தேய்ந்த முகத்தில் கீறலைத் தேடி என்ன பயன். மண்ணுக்குள் இருந்த முகம் உளி பட்ட சொரசொரப்போடு தட்டையாக இருக்கிறது. அரைகல்லின் கீறல் இல்லை, குடைக்கல்லின் வளைவும் இல்லை. சின்னத்தம்பி மாமா இன்னொன்றும் சொன்னார்: அந்தக் கல்லை அவருடைய தகப்பன்தான் வேறு வட்டையிலிருந்து வண்டிலில் கொண்டு வந்து போட்டது என்று கேள்வியாம். அப்படியென்றால் எங்கள் பெரிய சாட்சி அந்த இடத்துச் சாட்சியே இல்லை.

கல்லின் வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிடங்கின் பலகை ஒன்றின் விளிம்பில், வரிசையாக நீள்சதுரக் குழிகள் இருக்கின்றன. ஆப்பு வைத்துக் கல் பிளந்த பழைய முறையின் அடையாளம் அது. ஆங்கிலேயர் காலத்துக் கல்லுடைப்பில் இரும்புத் துளைகோலால் போட்ட உருண்டைத் துளையின் பாதி தெரியும். அது இங்கே இல்லை. ஆனாலும் பழைய கல்லை எடுத்துப் பிற்காலத்தில் கட்டுவது எல்லாக் காலத்திலும் நடந்ததுதான். செங்கற் சுவரின் கல் 9 அங்குல நீளம். பழங்காலத்துச் செங்கல் இதைவிடப் பெரிது, பலகை மாதிரி இருக்கும். ஆகவே சுவர் பிந்தியது. சீமெந்து ஒட்டு அதிலும் பிந்தியது.

என் எண்ணம் இதுதான். மூன்றும் ஒரே இடத்தில் கிடப்பதால் ஒரே கட்டிடம் என்று எடுத்துக்கொண்டோம். கிடங்கு பழையது, துருசு. சுவர் வெள்ளைக்காரன் காலத்துத் திருத்தவேலையாக இருக்கலாம். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்து, இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார்கள். அதற்கு முன் ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் இங்கே தலைமை அதிகாரியாக இருந்த பர்னான்ட் என்பவரும் நெற்செய்கையில் அக்கறை காட்டியவர். வட்டக்கல் வண்டிலில் வந்த விருந்தாளி. இதை நான் நிச்சயம் என்று சொல்லவில்லை. கிடங்கை அடிவரை தோண்டினால் இந்தக் கதை கவிழவும் கூடும். அதனால், கவிழ்ந்தாலும் எங்களுக்கு வெட்கம் வராத முடிவு எது என்று பார்த்துத்தான் கீழே ஒப்பிடுகிறேன்.

முதலாவது வழி, கல்லைக் கிளப்பிவிட்டு நேராக வாய்க்கால் போடுவது. இதன் இலாபத்தை மறைக்கக் கூடாது. இப்போதைய மண் வாய்க்கால் கிடங்கைச் சுற்றி வளைந்து போகிறது. நேராக்கினால் 22 மீட்டர் கொங்கிரீட் மிச்சம். கடைசி வயல்காரருக்குத் தண்ணீர் கொஞ்சம் கெதியாகப் போய்ச் சேரும். கல்லைக் கட்டுக்கு அடுக்கலாம். நட்டம்? அது செக்கு என்றால் பெரிய நட்டமில்லை என்று வாதாடலாம். துருசு என்றால் கதை வேறு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கணக்கில், 1815 மார்ச் 2 க்கு முந்தியது அல்லது முந்தியது என்று நம்பப்படுவது எதுவும் புராதன சின்னம். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. அதை உடைப்பது குற்றம். பெக்கோக்காரனும், ஒப்பந்தக்காரரும், கூட்டத்தில் கை தூக்கிய நாங்களும் சேர்ந்து நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டி வரும். 'ஆலை என்று நினைத்தோம்' என்பது அங்கே எடுபடாது. இன்னொன்று: அந்த வாய்க்காலை முதலில் வெட்டிய எங்கள் அப்பப்பாமாரும் நேராக வெட்டத் தெரியாதவர்கள் இல்லை. மண்வெட்டியால் வெட்டிய காலத்தில் வளைவு என்பது கூடுதல் உழைப்பு. அந்த உழைப்பைக் கொடுத்து அவர்கள் அந்தக் கிடங்கைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். பேய்க்குப் பயந்தார்களோ, கல்லை மதித்தார்களோ, எனக்குத் தெரியாது.

இரண்டாவது, வேலையை நிறுத்திவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதி, அவர்கள் வந்து வர்த்தமானியில் போடும்வரை காத்திருப்பது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் சரியான வழி. கிடங்கை முறையாகத் தோண்டவும் காலம் சொல்லவும் அதிகாரமும் அறிவும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் எங்கள் மாகாணத்தில் இந்த வழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். பாதுகாப்புச் செயலாளர் தலைவர், முதலில் பெயர் குறித்த உறுப்பினர்களில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. குசலானமலையிலும் பொத்துவில்லிலும் தொல்பொருள் இடங்களை வைத்து நடந்த இழுபறியை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். தொல்பொருள் திணைக்களம் பலகை ஒன்று நட்டால் அடுத்த போகம் விதைக்க விடுவார்களா என்ற பயம் இங்கே வெறும் கற்பனையாக வரவில்லை. நாலாவது கதையை அடிக்குரலில் கேட்பதும் இதனால்தான். இந்தப் பயத்தால் கல்லை இரவோடு இரவாக அகற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால், இங்கே எதையோ ஒளித்தார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லலாம். கல் கிடந்தால் அது துருசு என்று காட்டலாம். கல் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது? குளம் கட்டியவன் எந்த மொழி பேசினான், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டான் என்று ஒரு துருசைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்றுதான் சொல்லலாம். என்னுடைய பார்வையில், பயப்படுகிறவர்களுக்கு இந்தக் கிடங்கு கிடப்பதுதான் பாதுகாப்பு.

வெறுமனே எழுதிப்போட்டுக் காத்திருப்பதில் இன்னொரு சிக்கல், காசு. இந்த வருசம் செலவழிக்காத காசு திரும்பிப் போய்விடும். பெரும்போகம் யாருக்காகவும் நிற்காது.

மூன்றாவது வழியைச் சொன்னவர் கனடாவில் இருக்கும் எங்கள் மச்சான் ஒருவர். ஆலையைத் திரும்பக் கட்டுவோம், மரச்சக்கரம் வைப்போம், பாசிக்குடாவுக்கு வருகிறவர்களை இங்கே கூட்டி வருவோம், காசு நான் தருகிறேன் என்றார். நல்ல மனசு. வீடியோவில் அவர் காட்டிய ஐரோப்பிய ஆலையும் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கிடங்கில் சக்கரம் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. இல்லாத சக்கரத்துக்கு அச்சு வைக்கப் பழைய கல்லைக் குடைய வேண்டும், மண்ணை அள்ள வேண்டும், துவாரத்தைப் பெருப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு அது என்னவாக இருந்தது என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பழைய கட்டிடம் திருத்துகிறவர்கள் உலகம் முழுவதும் பின்பற்றும் 1964 வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தவேலை நிற்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு ஊகம் முதல் கல்லிலேயே தொடங்குகிறது. இருட்டினால் யானை வரும் இடத்துக்கு உல்லாசப் பயணியைக் கூட்டி வருவது யார் என்பதையும் மச்சான் யோசிக்கவில்லை. இந்த வழியை நான் ஒரேயடியாகத் தள்ளுகிறேன். கோபிக்க வேண்டாம் மச்சான், அந்தக் காசுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

நாலாவது, வாய்க்காலை இப்போது போகிற வளைவிலேயே விட்டு, அந்த வளைவுக்கே கொங்கிரீட் போடுவது. கிடங்கைத் தொடாமல், நாங்களே அளந்து, படம் பிடித்து, பதிவு செய்வது. பிறகு பிரதேச செயலகத்துக்கும், பிரதி வைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கும், எங்கள் பதிவையும் இணைத்துக் கடிதம் அனுப்புவது. ஒளிக்கிற வேலையும் இல்லை, காத்திருந்து போகத்தைக் கெடுக்கிற வேலையும் இல்லை.

இதை மூன்று கதையோடும் உரசிப் பாருங்கள். அது துருசு என்றால், சட்டம் கேட்பதை மீறவில்லை, தோண்டிப் படிக்க வருகிறவருக்கு எல்லாம் அப்படியே கிடக்கிறது. ஆலை என்று நாளைக்கு யாராவது நிறுவினால், அவருக்கும் கிடக்கிறது. அப்போது மச்சான் சக்கரம் வைக்கலாம். வெறும் செக்குக் கிடங்கு என்று முடிந்தால், எங்களுக்கு நட்டம் 22 மீட்டர் கொங்கிரீட். முதலாவது வழியில் பிழைத்தால் கல் திரும்பி வராது. மூன்றாவது வழியில் பிழைத்தாலும் அப்படித்தான்.

நாலாவது வழிக்கும் செலவு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கடைசி வயல்காரர் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஒதுக்கிய காசு நேர்கோட்டின் நீளத்துக்குத்தான் கணக்குப் போட்டது. வளைவுக்குப் போட்டால் கடைசி 22 மீட்டர் மண் வாய்க்காலாகவே நிற்கும், அது அவர்களுடைய பக்கம். ஏற்கனவே தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்கிற வயல்கள் அவை. அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்தத் துண்டை இந்த வருசமே சிரமதானமாகச் செய்ய வேண்டும், கல்லும் சீமெந்தும் மச்சானின் காசில். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டேன். வளைவு மெதுவாக இருந்தால் ஓட்டத்தில் பெரிய குறைவு வராது, கூர்மையாகத் திருப்பினால்தான் மண் படியும் என்றார். கடைசித் துண்டில் கை வைக்காமல் வளைவுக்கு மட்டும் வாக்குக் கேட்டால், நானே எதிர்த்து வாக்குப் போடுவேன்.

பதிவு வேலையைப் பற்றி: இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பற்றையை வெட்டலாம், வேரைப் பிடுங்கக் கூடாது. வேரோடு கல்லும் வரும். கிடங்குக்குள் மண்ணை ஒருவரும் அள்ளக் கூடாது. புதையல் என்று யாராவது இரவில் வந்தால் அடுத்த நாள் கதை எங்கள் தலையில். எல்லாப் பலகைக்கும் இலக்கம் போட்டு, அளவு நாடா வைத்து, நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். மண்மேட்டை இரு பக்கமும் 300 யார் வரை நடந்து, உயரத்தைக் குறிக்க வேண்டும். குளக்கட்டு என்ற வாதம் நிற்பதும் விழுவதும் அந்த மேட்டில்தான். பெரியம்மா, சின்னத்தம்பி மாமா மாதிரி நாலைந்து பேரின் பேச்சைப் போனில் பதிந்து வைக்க வேண்டும். இதை முதலில் செய்யச் சொல்வேன், கல் இன்னும் நூறு வருசம் இருக்கும். பிறகு பழைய நில அளவைப் படம், உறுதிகள். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961 இல்தான். அதற்கு முந்திய காகிதங்களை மட்டக்களப்புக் கச்சேரியின் பெயரில்தான் தேட வேண்டும். கொழும்பில் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் கிடக்கின்றன. குளம் திருத்தச் செலவழித்திருந்தால் வெள்ளைக்காரன் கணக்கு எழுதாமல் விடமாட்டான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்றுப் பிள்ளைகளையும் ஒருக்கா கூப்பிட்டுக் காட்டலாம்.

பெக்கோ கிடங்குக்கு எத்தனை அடிக்குக் கிட்ட வரலாம் என்பதையும் கயிறு கட்டிக் காட்ட வேண்டும். நான் 15 அடி என்று எழுதியிருக்கிறேன். ஓட்டுகிற தம்பிக்கு வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவருக்கு எல்லாக் கல்லும் ஒரே கல்தான்.

பலகை நடுவதா என்று கேட்டார்கள். நட்டால் 'தண்ணீர் ஆலை' என்றோ 'பழைய துருசு' என்றோ எழுத வேண்டாம். 'கருங்கல் கிடங்கு. அளந்து பதிவு செய்யப்பட்டது. மண் அள்ள வேண்டாம்' என்று மட்டும், தமிழிலும் சிங்களத்திலும். ஆலைக்கட்சித் தலைவருக்கு இது பிடிக்காது என்று தெரியும். பெயரை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

வட்டக்கல்லை வாடிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று குறித்துவிடுவோம். அதில் இனிமேல் கத்தி தீட்டக் கூடாது என்று தீர்மானத்தில் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது சின்னத்தம்பி மாமா, "அப்ப நான் எதுல தீட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதர செலவு என்ற தலைப்பில் சாணைக்கல் ஒன்று என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.